இன்றைக்கு நான் தூண்

“…சரிண்ணா, மூக்கு அரிச்சா?”

“அரிக்கட்டும்.”

“ரொம்ப அரிச்சா?”

“ரொம்ப அரிக்கட்டும். மூக்கு எங்கயும் ஓடிப் போகாது. நீ ஓடிப் போகாம இருந்தா சரி. முழங்கையை விட்டுட்ட பாரு, மறுபடி நுரை போடு.”

மறுபடி நுரை போட்டேன், விரல் நுனியில் தொடங்கி, நகத்துக்கு அடியில், விரல் இடுக்கில், மணிக்கட்டைச் சுற்றி, மெல்ல மெல்ல முழங்கை வரைக்கும், தண்ணீர் எப்போதும் விரலிலிருந்து முழங்கைக்குத்தான் வழிய வேண்டும், முழங்கையிலிருந்து விரலுக்குத் திரும்பி வரக் கூடாது, அதற்காக இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி… வெளியாள் யாராவது பார்த்தால் இரண்டு பேர் குழாயைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு இது இரண்டாவது கும்பிடு. முதல் முறை எல்லாம் ஒழுங்காகக் கழுவி, அறுவை அரங்கின் கதவை முதுகால் தள்ளித் திறந்து, ராணி மாதிரி உள்ளே போய் நின்றேன், அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடி இறங்கியது, கை தன்பாட்டுக்குப் போய் அதை ஏற்றிவிட்டது. கண்ணாடி போட்ட நாள் முதலாகச் செய்கிற காரியம், கைக்கு என்ன தெரியும்? தியேட்டர் சிஸ்டர் என் கையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். நானே வெளியே வந்துவிட்டேன். வந்து பார்த்தால் பக்கத்துக் குழாயில் நெட்டை அண்ணா, இங்கேயே படித்து டாக்டராகி, இப்போது இங்கேயே அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு படிக்கிறவர், மாணவர்கள் எல்லாருக்கும் அண்ணா, எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். “கண்ணாடியா?” என்றார். தலையாட்டினேன். “எனக்கு முதல் நாள் தும்மல்” என்றார். அதைக் கேட்டதும் அவர் மேல் வந்த பிரியத்தில்தான் மூக்கு, காது, இருமல், மயக்கம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் எல்லாவற்றுக்கும் அதே குரலில் பதில் சொன்னார்… மயக்கம் வந்தா பின்னாடி சாய்ஞ்சு விழு, முன்னாடி விழுந்துடாத, முன்னாடி ஒருத்தர் வயிறு திறந்து படுத்திருப்பார்.

இன்றைக்கு நான் தூண். எங்கள் கல்லூரியில் அப்படித்தான் சொல்வார்கள், இன்னைக்கு யாரு தூண், நாளைக்கு யாரு தூண் என்று. தூணுக்கு வேலை ஒன்றுதான், வளைந்த எஃகுப் பட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், செருப்புக்கடையில் குதிகாலை உள்ளே தள்ளக் கொடுப்பார்களே ஒரு கரண்டி, அது மாதிரி, கொஞ்சம் பெரிது, ரிட்ராக்டர் என்று பெயர், அதன் வளைவைக் காயத்தின் ஓரத்தில் மாட்டித் தசையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அறுக்கிறவர்களுக்கு உள்ளே வெளிச்சம் வேண்டும், இடம் வேண்டும், அதற்காக. இழுக்கச் சொன்ன பக்கம், இழுக்கச் சொன்ன அளவு, அசையாமல். பச்சை அங்கி, பச்சைத் துணி, பச்சை உறை, இந்த அறையில் பச்சையாக இருப்பதெல்லாம் கொதி நீராவியில் வைத்துக் கிருமி நீக்கியது, அதைத் தொடலாம், பச்சையாக இல்லாத எதையும் தொடக் கூடாது, சுவர், கம்பி, என் சொந்த மாஸ்க், என் சொந்த மூக்கு, எல்லாமே அந்நியம். சிஸ்டர் முதல் நாளே வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டார், “இந்தக் கதவுக்குள்ள பெரியவங்க, சின்னவங்க கிடையாதும்மா. பட்டுச்சா, படலையா, அவ்வளவுதான். சந்தேகமா இருந்தா பட்டுச்சு.” அப்போது தலையாட்டினேன், எல்லாவற்றுக்கும்தான் தலையாட்டுகிறோம். இப்போது கையுறைக்குள் விரல்கள் வியர்த்துக் குளிர்ந்து, கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு, தோள்பட்டை இலேசாக முணுமுணுக்க ஆரம்பித்திருக்கிறது… இன்னும் தொடங்கவே இல்லை, தோளே, இப்போதேவா?

வயிறு தபால்காரருடையது. துணியெல்லாம் மூடிய பிறகு ஆளே தெரியவில்லை, ஒரு சதுரம் மட்டும், அதில் மஞ்சள் மருந்து பூசிய தோல், நடுவே ஒரு பழைய தழும்பு, சரியாகத் தைக்காத சாக்கு மூட்டை மாதிரி. ஆனால் நேற்று மாலை அந்தச் சதுரம் கட்டிலில் உட்கார்ந்து என்னோடு முழு ஆளாகப் பேசிக்கொண்டிருந்தது. “உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று நான் பாடத்தில் இருக்கிறபடியே கேட்டேன், அவர் சட்டையைத் தூக்கி, துருத்திக்கொண்டு நின்ற வயிற்றைக் காட்டி, “பார்சல் ஒண்ணு முன்னாடி வந்து நிக்குது தங்கச்சி, டெலிவரி பண்ணலாம்னா யாரும் கையெழுத்துப் போட்டு வாங்க மாட்டேங்குறாங்க” என்றார். பக்கத்தில் அவர் மனைவி, “டாக்டர்கிட்டயும் உங்க குசும்பா” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் இன்னும் டாக்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, கேட்க இதமாக இருந்தது. அவருக்குப் போன முறை வேறோர் ஊரில் இதே அறுவை நடந்தது, வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை வலை வைத்து மூடினார்கள், ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலை மாதிரி ஒரு மெல்லிய வலை, மெஷ் என்பார்கள், அதில் எங்கிருந்தோ கிருமி ஏறி, சீழ் பிடித்து, வலையையே பிடுங்கி எடுக்க வேண்டியதாகிவிட்டது, பிறகு மாதக் கணக்கில் படுக்கை, மனைவிதான் ஒவ்வொரு நாளும் புண்ணைக் கழுவிக் கட்டினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் ஜோக் அடிக்கவில்லை. “இவ கை மணமே மருந்து மணமாயிடுச்சு” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. சைக்கிளை இப்போதும் உருட்டிக்கொண்டுதான் போகிறாராம், வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு, தெருத்தெருவாக, ஏறி மிதிக்க முடியாது.

எங்கள் அறுவைப் பிரிவின் பேராசிரியர் தராசு மேடம் உள்ளே வந்ததை நான் பார்க்கவில்லை, அறை தானாக அமைதியானதை வைத்துத்தான் தெரிந்தது. சின்ன உருவம், அவருக்கென்று ஒரு மரப்படி இருக்கிறது, அதில் ஏறி நின்றால்தான் மேசை எட்டும், எதிரில் நெட்டை அண்ணா நின்றால் ஒட்டகத்துக்கு எதிரே சிட்டுக்குருவி. ஆனால் அந்தச் சிட்டுக்குருவி… எப்படிச் சொல்வது? தராசு என்று யார் பெயர் வைத்தார்களோ, எந்தக் காலத்து மாணவர்களோ, எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார், இரண்டு தட்டும் ஆடி நிற்கும் வரை காத்திருக்கிற மாதிரி ஒரு நொடி, பிறகுதான் பேசுவார், மாணவர்களைக் கூட நீங்க, வாங்க என்றுதான். கத்திப் பார்த்ததில்லை. கத்துகிற பேராசிரியர்களை எங்களுக்குச் சமாளிக்கத் தெரியும், தலையைக் குனிந்தால் மழை ஓய்ந்துவிடும், இவர் முன்னால் எங்கே குனிவது? போன வாரம் வார்டில் ஒரு பையன், நோயாளிக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னான், மேடம், “நீங்க என்ன நினைச்சீங்கன்னு நான் கேக்கல, என்ன பார்த்தீங்க?” என்றார், அவன் நோயாளியின் கண்ணைப் பார்க்கவே இல்லை, கேஸ் ஷீட்டைத்தான் பார்த்திருக்கிறான், மேடம் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் வர விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க அந்தப் பையன் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் விடிந்ததும் வார்டில் இருந்த அத்தனை பேர் கண் இமையையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான், நோயாளிகள் இவனுக்குத்தான் ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்தக் கைகளை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். பழைய தழும்புக்கு அடியில் குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிப் போயிருக்கிறது, போன முறை பிடித்த சீழின் மிச்சம், அதை மேடம் பிரிக்கிறார், எப்படி, காய்ச்சி ஆறிய பாலில் ஏடு படிந்திருக்குமே, அதைக் கிழியாமல் ஒரு ஓரத்திலிருந்து தூக்குவது மாதிரி, அவசரமே இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை, கத்தரியின் நுனி ஒரு நூலிழை, ஒரு நூலிழை… “இன்னும் கொஞ்சம் உங்க பக்கம்” என்கிறார், எனக்குத்தான், நான் இழுக்கிறேன், “போதும், அழகு” என்கிறார். அழகு! என்னைப் பார்த்து! இல்லை, என் கையைப் பார்த்து, இல்லை, குடலைப் பார்த்துக் கூடச் சொல்லியிருக்கலாம், இருந்தாலும் அந்த வார்த்தையை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். தோள் இப்போது முணுமுணுக்கவில்லை, கத்துகிறது. முதுகில் ஒரு வியர்வைத் துளி மெதுவாக இறங்கி இறங்கி எங்கோ நின்று யோசிக்கிறது. கையை ஒரு இழை மாற்றிப் பிடித்தபோது முழங்கைக்குப் பின்னால் ஏதோ இருந்த மாதிரி… கம்பியா? மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியா? “சிஸ்டர், என் முழங்கை அந்த ஸ்டாண்ட்ல பட்டுச்சோன்னு…” என்று சொல்லிவிட்டேன், அரங்கமே நின்றது, சிஸ்டர் எட்டிப் பார்த்தார், ஸ்டாண்டு ஒரு ஆள் தூரத்தில் நிற்கிறது. “காத்து பட்டிருக்கும். அதுக்கெல்லாம் கை கழுவினா ஊர்ல தண்ணி மிஞ்சாது” என்றார். திரைக்கு அந்தப் பக்கம் தபால்காரரின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க டாக்டர் சிரித்தது கேட்டது, நெட்டை அண்ணாவின் மாஸ்க் கூட ஒரு தரம் உப்பி அடங்கியது. மேடம் சிரிக்கவில்லை, நிமிரவும் இல்லை. சிரித்திருந்தால் தேவலை. காது சூடாகி, அந்தச் சூடு மாஸ்க்குக்குள் இறங்கி, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து… இனி வாயைத் திறந்தால் பார், பெண்ணே, இனி திறந்தால் பார்.

வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமென்றால் மனசை எங்காவது அனுப்ப வேண்டும். சின்னவளிடம் அனுப்பினேன். சித்தி மகள், அடுத்த மாதம் இதே கல்லூரியில் சேரப் போகிறாள், காலையில் விடுதிக் குளியலறை வாசலில் நிற்கும்போது போனில் அவள் குரல் செய்தி வந்திருந்தது, “அக்கா, அங்க நிஜமா எப்படி இருக்கும்? பயமுறுத்தாம சொல்லு. ஆனா பொய் சொல்லாத.” எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டாள். என்ன சொல்வது… முதல் வகுப்பில், பள்ளியில் முதலாவதாக வந்தவர்கள் கை தூக்குங்கள் என்பார்கள், எல்லாக் கையும் தூக்கும், சரி இறக்கிடுங்க, இனிமே அது தேவைப்படாது என்பார்கள், அந்தச் சிரிப்பில் நீயும் சிரிப்பாய், முதல் தேர்வின் மதிப்பெண் வந்த அன்று அந்தச் சிரிப்பு ஞாபகம் வரும், இவ்வளவு குறைவான எண்ணை உன் பேருக்குப் பக்கத்தில் நீ பார்த்திருக்கவே மாட்டாய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாய், பக்கத்துக் குளியலறையிலும் குழாய் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கடுத்ததிலும். ஒரு பெட்டி எலும்போடு ஒரே அறையில் தூங்குவாய், எங்கள் அறை மண்டையோட்டுக்கு வார்டன் என்று பேர், அதுதான் நிஜ வார்டனை விடச் சிரித்த முகம். உன் அறைத் தோழி தூக்கத்தில் நரம்புகளின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவாள், ஒன்றை விட்டுவிட்டால் நீ உன் தூக்கத்திலேயே திருத்துவாய். லீவில் வீட்டுக்குப் போனால் மனிதர்கள் மனிதர்களாகத் தெரிய மாட்டார்கள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளில் ஊசி போட நல்ல ரத்தக்குழாய் எது என்று பார்ப்பாய், தைராய்டு வீக்கமோ என்று பெரியப்பா கழுத்தையே வெறித்துப் பார்த்து, பெரியப்பா கொஞ்சம் முழுங்குங்க பார்ப்போம் என்பாய், அவர் பயந்துபோய் அந்த வாரம் முழுக்க எச்சில் முழுங்கிக்கொண்டே இருப்பார். இதெல்லாம் பயமுறுத்துவதா, பொய்யா? இரண்டும் இல்லை, ஆனால் இது இல்லை, நான் சொல்ல வேண்டியது. நாவல்களைப் படித்துவிட்டு வந்தவள் நான், எங்கோ குளிர் தேசத்தில் ஒரு இளம் டாக்டர் தனியாகப் பனியில் போவார், தனியாக முடிவெடுப்பார், தனியாகக் கண்ணீர் விடுவார், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே யாருமே தனியாக இல்லை, சின்னவளே. ஒருவர் பிரிக்க, ஒருவர் ரத்தத்தை ஒற்ற, ஒருவர் கேட்பதற்கு முன்பே கருவியை உள்ளங்கையில் வைக்க, ஒருவர் மூச்சைக் கணக்கிட, ஒருத்தி சும்மா இழுத்துப் பிடித்து நிற்க… நடுவில் ஒரு தபால்காரர் தன் வயிற்றைத் திறந்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். இதைப் பார்க்கிற இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது, தோள் வலி எல்லாம் பிறகுதான். இதை எப்படிக் குரல் செய்தியில் சொல்வது? சொன்னால், அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சித்தியிடம் போய்ச் சொல்வாள்.

“மெஷ்” என்றார் மேடம். எல்லாரும் கையை நிறுத்தினார்கள். இது அவர் பிரிவில் மட்டும் உள்ள வழக்கம், மற்ற இடங்களில் சிரிப்பார்களாம், வலையைத் தொடுவதற்கு முன்னால் மேசையைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் புதுக் கையுறை மாற்ற வேண்டும், வலையைத் தொடப் போகிறவர், தொடாதவர், தூண் உட்பட. ஒவ்வொருவராகக் கையை நீட்ட, பழையது உரிய, புதியது ஏற, ஏதோ ஒரு வாசலைத் தாண்டுகிற மாதிரி. என் முறை வந்தபோது அண்ணா ரிட்ராக்டரை வாங்கிப் பிடித்துக்கொண்டார், அதற்காக நகர்ந்ததில் அவர் தலை மேசைக்கு மேலே தொங்கும் விளக்கில் இடிக்கப் பார்த்தது, பின்னால் நிற்கும் உதவியாளர் சட்டென்று விளக்கை ஒரு சாண் தள்ளி வைத்தார். பிறகு நான் மறுபடி தூண். புதுக் கையுறையின் மாவு மணம். சிஸ்டர் திரும்பி நின்று மெஷ் பொட்டலத்தைப் பிரிக்கிறார், அண்ணா காயத்தின் மூலையில் ஒரு சின்ன ரத்தக் கசிவை ஒற்றி ஒற்றிப் பார்க்கிறார், எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை, மேலே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, தூண் காயத்தைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் அந்த விளக்கின் வளைந்த விளிம்பு, கண்ணாடி மாதிரித் துடைத்த எஃகு, அதில் நாங்கள் எல்லாரும் தலைகீழாக, குட்டிக் குட்டியாக, ஐந்தாறு பச்சைத் தலைகள், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி, மலை உச்சியிலிருந்து பார்த்தால் தெரிகிற தோட்டம் மாதிரி… அந்தத் தோட்டத்துக்குள் ஒரு கை வந்தது. மேடத்தின் கை. கண் காயத்திலேயே இருக்க, கை மட்டும் மேலே போயிற்று, வெளிச்சத்தைத் திருப்ப, விளக்கின் நடுவே பச்சை உறை போட்ட பிடி இருக்கும், எத்தனை வருஷமாகவோ அது எங்கே தொங்குமோ அங்கே போயிற்று, அங்கே பிடி இல்லை, ஒரு சாண் தள்ளியல்லவா இருக்கிறது. விரல்கள் காற்றைத் துழாவின. எஃகு விளிம்பில் அந்தக் கையின் பிம்பம் எதிரே இறங்கி வந்தது, கை மேலே ஏற, பிம்பம் கீழே வர, இரண்டும் விரல் நுனியோடு விரல் நுனி வைத்துக்கொண்டன, ஒரு கணம், பிறகு பிரிந்தன. கை பக்கவாட்டில் நகர்ந்து பச்சைப் பிடியைக் கண்டுபிடித்து, விளக்கைத் திருப்பி, இறங்கிவிட்டது.

பட்டதா? படவில்லையா? விரலும் அதன் பிம்பமும் தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் விரலுக்கும் எஃகுக்கும் நடுவில் இடைவெளி இருக்க முடியாது, பத்தாம் வகுப்புப் பாடம். ஆனால் பார்த்தது யார்? ஸ்டாண்டு தொட்டது என்று சொன்னவள். கண்ணாடியில் ஆவி படிந்தவள். மலை, தோட்டம் என்று கதை கட்டிக்கொண்டிருந்தவள். அண்ணா பார்த்திருப்பார்… இல்லை, அவர் இன்னும் கசிவைத்தான் ஒற்றுகிறார். சிஸ்டர்… முதுகு. மேடத்துக்கே தெரிந்திருக்கும், விரல் நுனியில் எஃகு பட்டால் தெரியாதா, தெரிந்திருந்தால் மாற்றியிருப்பார், மாற்றவில்லை, அப்படியானால் படவில்லை, படவில்லை என்றால் நான் பார்த்த இரண்டு விரல்கள்? அவருக்குத் தெரியாமல் இருக்க முடியுமா, ஏடு எடுக்கிற அந்தக் கைக்கு? கையுறை இரண்டு அடுக்கு, கவனம் முழுக்க உள்ளே, தெரியாமலும் இருக்கலாம். ஒரு விரல் நுனிதானே, ஒரு கணம்தானே, அந்த விளிம்பில் என்ன இருக்கப் போகிறது, தினமும் துடைக்கிறார்கள்… இப்படித்தான் அந்த வேறோர் ஊரிலும் யாராவது நினைத்திருப்பார்களோ? யாரோ ஒருத்தி, மேலே பார்த்துக்கொண்டு நின்ற ஒருத்தி? சீழ், வலையைப் பிடுங்கியது, மாதக் கணக்கில் மனைவியின் கை… சிஸ்டர் திரும்பிவிட்டார், தட்டில் வெள்ளை வலை, எவ்வளவு மெல்லிசு. சொல்லு. சொன்னால்? அரங்கம் மறுபடி நிற்கும், திரைக்கு அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு, அண்ணாவின் மாஸ்க் உப்பும், மேடம் நிமிர்ந்து, என்ன பார்த்தீங்க என்பார், நான் என்ன சொல்வது, உங்கள் விரலும் உங்கள் விரலும் தொட்டுக்கொண்டதைப் பார்த்தேன் என்றா? இந்தப் பிரிவில் அடுத்த மாதமும் இருக்க வேண்டும் என்று நான் எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன், அழகு என்று ஒரு வார்த்தை வாங்கிய அதே நாளில்… அவர் தப்புச் செய்ய மாட்டார். அதுதான் விஷயம், அவர் தப்புச் செய்ய மாட்டார் என்று நான் நம்ப விரும்புகிறேன். அந்த நம்பிக்கைதான் என் வாயைப் பொத்துகிறதா, இல்லை பயத்துக்கு நான் மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டு நிற்கிறேனா… தட்டு நகர்ந்து வருகிறது, அந்தக் கை, சின்னக் கை, நான் இவ்வளவு நேரம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த கை, வலையை நோக்கி நீள்கிறது.

“மேடம்.”

என் குரல்தானா? கை நின்றது. வலைக்கு மேலே, ஒரு விரற்கடை உயரத்தில், அப்படியே நின்றது. நெட்டை அண்ணா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையில் தம்பி தங்கைகளைக் கிணற்று ஓரத்தில் பார்த்துவிட்ட பதைப்பு. மயக்க டாக்டரின் ஸ்டூல் ஒரு தரம் கிரீச்சிட்டது. சிஸ்டர், “இப்ப என்னம்மா, மறுபடி காத்தா?” என்றார், ஆனால் முடிக்கும்போது அவர் குரலில் சிரிப்பு இல்லை. மேடம் நிமிர்ந்தார், மாஸ்க்குக்கும் தொப்பிக்கும் நடுவில் இரண்டு கண்கள் மட்டும், இவ்வளவு பக்கத்தில் பார்க்கும்போது அவையும் களைத்த கண்களாகத்தான் இருக்கின்றன, ஓரத்தில் சுருக்கங்கள், ஒரு இமையில் சின்னதாக ஒரு மச்சம், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. “சொல்லுங்க” என்றார். தட்டுகள் ஆட ஆரம்பித்துவிட்டன, எந்தப் பக்கம் சாயும் என்று அந்தக் கண்ணில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இவ்வளவு நாளும் இங்கே நான் பயந்ததெல்லாம் தெரியாமல் போய்விடுமோ என்றுதான், கேள்வி வரும், பதில் தெரியாது, எல்லாரும் பார்ப்பார்கள், அந்தக் கனவிலிருந்துதான் எத்தனை முறை விழித்திருக்கிறேன். தெரிந்துவிடுவது இதை விடப் பெரிய பயம் என்று, எல்லாரிலும் கடைசியில் நிற்கிறவளுக்கு மட்டும் தெரிந்துவிடலாம் என்று, எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை… தோள் வலி இப்போது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ரிட்ராக்டரைத் தளர்த்தவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிரித்தேன், ஒரு நூலிழை, ஒரு நூலிழை…

“விளக்கைத் திருப்பும்போது உங்க விரல் அந்த விளிம்புல பட்டதைப் பார்த்தேன், மேடம்… நான் பார்த்தேன். அந்த க்ளவுஸை மட்டும் இன்னொரு தடவை மாத்திக்கிறீங்களா?”